நின்றபடி அறுக்கப்பட்ட கால்: மாரியஸின் சிரை அறுவையும் ஒரு பாடபேதமும்

வெரிகோஸ் வெயின் சிகிச்சையின் வரலாற்றைத் தொடுகிறவர்கள் காயஸ் மாரியஸின் காலைத் தொடாமல் போவதில்லை. ஏழு முறை ரோமின் கான்சலாக இருந்து கி.மு. 86இல் இறந்தவர். இரு கால்களிலும் சிரைகள் புடைத்துச் சுருண்டிருந்தன. அறுவையின்போது தன்னைக் கட்டவிடாமல் ஒரு காலை நீட்டினார். முனகல்கூட இல்லாமல் தாங்கினார். மருத்துவர் மறு காலுக்கு வந்ததும், இத்தனை வலிக்கு இந்தக் குணம் ஈடாகாது என்று நிறுத்திவிட்டார். இது வாழ்க்கை வரலாறுகள் எழுதிய கிரேக்கர் புளூட்டார்க் சொல்லும் கதை.

புளூட்டார்க்கை நம்பித்தான் இந்த நிகழ்ச்சி மனவுறுதிக்கான உதாரணமாகவே நின்றுவிட்டது. அவருக்கு மாரியஸின் குணம்தான் வேண்டும். கால் அதற்கு ஒரு சாக்கு. சிகிச்சைக்கு அவர் காட்டும் காரணத்தைப் பாருங்கள்: காலின் அவலட்சணம் பிடிக்கவில்லையாம். நாள் முழுவதும் நின்று வேலை பார்த்து, மாலையில் கால் கல்லாய்க் கனக்கும் எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். காலக்கணக்குக்கும் அவர் உதவவில்லை. ஸ்பெயினிலிருந்து மாரியஸ் திரும்பியதையும் ஜூலியாவை மணந்ததையும் ஒட்டி இதைச் சொல்கிறார். ஆனால் அது குணநலன் பேசும் இடம். அதைக் கொண்டு அறுவை நடந்த ஆண்டைக் குறிக்க நான் துணியமாட்டேன்.

புளூட்டார்க்குக்கு முந்தைய சான்றுகள் இரண்டு உண்டு. முதலாவது, மாரியஸின் ஊரான அர்ப்பினத்தைச் சேர்ந்த சிசரோ கி.மு. 45இல் எழுதியது. கட்டப்படாமல் அறுத்துக்கொண்டவர் மாரியஸுக்கு முன் யாரும் இல்லை என்றும், பிறகு மற்றவர்கள் பின்பற்றியது அவருடைய செல்வாக்கால் என்றும் சொல்கிறார். மறு காலைக் கொடுக்கவில்லை என்ற செய்தி அவரிடமும் இருக்கிறது. வலிக்கு ஈடாகாது என்ற அந்தப் பேச்சு இல்லை.

இரண்டாவது, பிளினியின் ‘இயற்கை வரலாறு’ 11ஆம் நூலில் ஒரே வாக்கியம். ஒப்பியஸ் சொன்னதாக எடுத்துக்காட்டுகிறார். இவர் சீசரின் நண்பரான ஒப்பியஸாகவே இருக்கவேண்டும். மாரியஸின் மனைவி சீசரின் அத்தை. ஆகவே இது குடும்பத்துக்குள் புழங்கிய செய்தியாக இருக்கலாம். இங்கே சொல் மாறுகிறது. ‘கட்டின்றி’ என்பதற்குப் பதில் ‘நின்றபடி’. வினையும் மாறுகிறது: சிசரோவிடம் அறுத்தல், பிளினியிடம் வெளியே இழுத்தெடுத்தல்.

இதை வீரத்தை ஊதிப் பெருக்கிய திரிபு என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அது தொழில்நுட்பக் குறிப்பாகவே படுகிறது. புடைத்த சிரை (நம் வழக்கில் ‘நரம்பு சுருட்டல்’) படுத்தவுடன் வற்றி மறைந்துவிடும். நின்றால்தான் கயிறாகத் திரளும். மேசையில் கட்டினால் படுக்கவேண்டும். படுத்தால் அறுப்பவர் தேடும் பொருளே கண்ணுக்குத் தப்பும். அப்படியானால் சிசரோவின் ‘கட்டின்றி’யும் பிளினியின் ‘நின்றபடி’யும் ஒரே காட்சியின் இரு பக்கங்கள். பின்வந்தவர்கள் மாரியஸைப் பின்பற்றியதற்கும் செல்வாக்கு மட்டும் காரணமாக இருந்திருக்காது. மருத்துவருக்கு அந்த நிலை வசதியாக இருந்திருக்கும்.

தடை ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். அங்கே கத்தி வைத்தால் ரத்தம் பீறிடும், ஆள் மயங்கி விழலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்ட ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ், நேரான சிரையைச் சுடவும் பின்னிக் கிடப்பதை அறுத்தெடுக்கவும் சொல்கிறார்: தோலைக் கீறி, மழுங்கிய கொக்கியால் சிரையைத் தூக்கி, ஏறத்தாழ நான்கு விரல் இடைவெளியில் அடுத்த கொக்கி, ஓரிடத்தில் வெட்டி இன்னோரிடத்தில் இழுத்தெடுப்பது. பிளினியின் வினை இந்த முறையோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் நோயாளி நிற்கவேண்டும் என்று செல்சஸ் சொல்லவில்லை. என் வாதம் மெலிந்திருக்கும் இடம் இதுவே.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புபவர் 7ஆம் நூற்றாண்டின் மருத்துவர் அய்கினா பவுல். தொடையின் மேற்பகுதியில் கட்டுப்போட்டு நோயாளியை நடக்கவிடச் சொல்கிறார். சிரை திரண்டதும் அதன்மேல் மையால் மூன்று விரல் அளவுக்குக் கோடு. அதன் பிறகே காலை நீட்டிப் படுக்கவைத்துக் கீறல். நிற்பதன் பயனை மை வாங்கிக்கொண்டது. பீறிடும் ஆபத்து படுக்கையோடு தணிந்தது. நின்றபடி அறுத்த பழக்கம் ஒன்று முன்னே இருந்ததாகக் கொண்டால் பவுலின் இந்தச் சுற்றுவழி நன்றாக விளங்குகிறது. இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

ரத்தம் ஏன் கீழே தேங்குகிறது என்பது நெடுங்காலம் துலங்கவில்லை. சிரைகளின் வால்வுகளை விவரித்து படுவாவின் ஃபாப்ரீசியஸ் 1603இல் எழுதினார். ஆனால் சிரைகளில் ரத்தம் இதயத்தை நோக்கியே போகிறது என்பதை நிறுவியது 1628இல் அவருடைய மாணவர் ஹார்வி. வால்வு பழுதானால் மேலிருந்து கீழே திரும்பி வழியும் என்பதைச் சிகிச்சையாக்கி, 1891இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் தொடையில் சிரையைக் கட்டியபோது, அவருடைய கத்தி இறங்கியது பவுல் மை தீட்டிய பகுதிக்கு அருகில்தான். அவர் பெயரால் வழங்கும் சோதனையில் படுத்தவரின் காலை உயர்த்திச் சிரையை வற்றவைத்து, தொடையில் அழுத்திப் பிடித்து, பிறகு எழுந்து நிற்கச் சொல்வார்கள்.

இன்று லேசர் வந்துவிட்டது. ஆனாலும் டாப்ளர் ஸ்கேனின்போது நோயாளியை நிற்கவைத்தே பார்க்கிறார்கள்; சுருண்ட சிரையை அகற்றும் முன் மருத்துவர் குனிந்து, நிற்கிற காலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் மேசைக்கு அனுப்புகிறார்.