கடிதங்களில் வாழ்ந்தவர்

பேய்களைக் காட்டியல்ல, மனிதனைப் பொருட்படுத்தாத பேரண்டத்தைக் காட்டி நம்மை அஞ்சவைத்த அமெரிக்கர் ஹெச்.பி. லவ்கிராஃப்ட். 1937இல் பிறந்த ஊரான பிராவிடன்ஸிலேயே அவர் குடல் புற்றுநோயால் இறந்தபோது, வெளிவந்திருந்த கதைநூல் ஒன்றே ஒன்று: 1936இல் அச்சான 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்'. அதிலும் அச்சுப்பிழைகள் மலிந்திருந்தன. மற்ற கதைகள் 'வியர்ட் டேல்ஸ்' போன்ற மலிவு இதழ்களில் சிதறிக் கிடந்தன. வயிற்றுப்பாட்டுக்குப் பிறர் எழுத்தைத் திருத்திக் கொடுத்தார். மாயவித்தைக்காரர் ஹூடினியின் பெயரில் 1924இல் வந்த கதையும் இவர் எழுதியதே.

தம் எழுத்தை விற்கத் தெரியாத இம்மனிதர் கடிதம் எழுத மட்டும் சலித்ததில்லை. ஆயிரமாயிரமாய் எழுதினார். அவரை மீட்டவை அக்கடிதங்களே என்பது நம் துணிபு. ஒருமுறையேனும் நேரில் கண்டிராத கடித நண்பர் ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரியுடன் சேர்ந்து 1939இல் 'ஆர்க்கம் ஹவுஸ்' பதிப்பகத்தைத் தொடங்கி அவர் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

அவருடைய இனவெறுப்பு ஒளிவுமறைவின்றிப் பதிவாகியிருப்பதும் அதே கடிதங்களில்தான். உலக மிகைபுனைவு விருதுச் சிலையாக வழங்கப்பட்டுவந்த அவரது முகம், எழுத்தாளர்களின் எதிர்ப்புக்குப் பின் 2015இல் கைவிடப்பட்டது.