உக்கிராணமும் காவலும்: ஆதியாகமம் 2:15-இன் ஒரு தமிழ் வினையும் செங்கற்பட்டு ஏரிகளும்

கிறித்தவ நம்பிக்கைக்கும் சுற்றுச்சூழல் பேணலுக்கும் உள்ள உறவு பற்றிய விவாதம் நெடுங்காலமாக ஆதியாகமம் 1:28-ஐச் சுற்றியே நடந்துவருகிறது. பூமியைக் கீழ்ப்படுத்தி உயிர்களை ஆளும்படி மனிதனுக்குத் தரப்பட்ட ஆணையே இயற்கைச் சுரண்டலின் வேர் என்று 1960களின் பிற்பகுதி முதல் ஒரு சாரார் குற்றஞ்சாட்ட, அதற்கு விடைகூறப் புகுந்தவர்கள் அவ்வாணையின் மெய்ப்பொருள் ‘உக்கிராணத்துவம்’, அதாவது உரிமையாளரின் உடைமையைப் பொறுப்போடு நிருவகித்தல் என்று விளக்கினர். இவ்விளக்கமே இன்று தமிழ்ச் சபைகளின் பிரசங்கங்களிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றுள்ளது. அது மூலத்துக்கும் பொருந்தவில்லை, தமிழ் நிலத்துக்கும் பொருந்தவில்லை என்பதும், பொருத்தமான சொல் 2:15-இன் தமிழாக்கத்திலேயே கவனிக்கப்படாமல் கிடக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1:28-ஐ மென்மையாக்கும் முயற்சியை முதலில் விலக்கிவிடலாம். அங்குள்ள ‘காபஷ்’ என்னும் எபிரெய வினை, எண்ணாகமம் 32-இல் நாடு வசப்படுத்தப்படுவதையும், நெகேமியா 5:5-இல் கடன்பட்டோரின் பிள்ளைகள் அடிமைகளாக்கப்படுவதையும் குறிக்கிறது. ‘கீழ்ப்படுத்து’ என்னும் தமிழ்ச் சொல் அந்தக் கடுமையை நேர்மையாகவே காட்டியுள்ளது. கடுமையான சொல்லைக் கடுமையானதாகவே விட்டுவைத்து, அடுத்த அதிகாரம் மனிதனை எங்கே நிறுத்துகிறது என்று பார்ப்பதே முறை. 2015-இல் வெளிவந்த போப் பிரான்சிசின் சுற்றுமடலும் 1:28-ஐ 2:15-ஓடு சேர்த்தே வாசிக்கச் சொல்கிறது.

உக்கிராணத்துவம் என்னும் கருத்தின் குறை அச்சொல்லிலேயே இருக்கிறது. உக்கிராணம் என்பது திருமண வீட்டிலும் கோயிலிலும் அரிசி, பருப்பு முதலியவற்றை வைத்துப் பூட்டும் சரக்கறை. சாவியும் கணக்கும் உக்கிராணக்காரனிடம் இருக்கும். லூக்கா 16-இலும் 1 கொரிந்தியர் 4-இலும் இச்சொல் மிகப் பொருத்தமாகவே வருகிறது. ஆனால் படைப்புக் கதையில் அதற்கு இடமில்லை. சரக்கறையில் இருப்பவை யாவும் செலவாவதற்கென்றே வைக்கப்பட்டவை. கணக்குச் சரியாக இருந்தால் அறை காலியானாலும் உக்கிராணக்காரன் குற்றவாளி ஆகமாட்டான். இயற்கையைச் சரக்கறையாகக் கொள்ளும் இறையியல் சிக்கனத்தைக் கற்பிக்குமேயன்றி, ஒரு நீர்நிலை உயிரோடிருக்க வேண்டும் என்று கோருவதற்கு அதனிடம் மொழி இல்லை.

2:15-இல் மனிதனுக்குத் தரப்படும் பணிகள் இரண்டு. முதலாவதான ‘அவாத்’ என்பது நிலத்தை உழுவதையும் ஊழியம் செய்வதையும் ஒருங்கே குறிப்பது. தமிழில் அது ‘பண்படுத்து’ என்றாகிறது. இரண்டாவதான ‘ஷாமர்’ தமிழில் ‘கா’ என்னும் வினையைப் பெறுகிறது. 1871-இல் வெளிவந்த ஒன்றிய மொழிபெயர்ப்பின் வழியில், இன்றும் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பாடத்தைத் தொடர்ந்து வாசித்தால் ஒரு செய்தி புலப்படுகிறது. தோட்டத்தைக் ‘காக்க’ வைக்கப்பட்டவன் அதை இழந்தபின், 3:24-இல் ஜீவவிருட்சத்தின் வழியைக் ‘காவல்செய்ய’ கேருபீன்கள் நிறுத்தப்படுகின்றனர். 4:9-இல் தம்பியைக் கொன்ற காயீன், தான் அவனுக்குக் ‘காவலாளியோ’ என்று கேட்கிறான். எபிரெயத்தில் இம்மூன்றும் ஷாமர் என்னும் ஒரே வேரிலிருந்து வருபவை. தமிழிலும் ‘கா’ என்னும் ஒரே வேர் மூன்றையும் கோத்து நிற்கிறது. மொழிபெயர்த்தோர் இதைத் திட்டமிட்டே செய்தனர் என்று துணிந்து கூற இயலாது. ஆயினும் பாடத்தில் அமைந்துவிட்ட இணைப்பு வாசகனுக்கு உரியது. நிலத்தைக் காப்பதும் சகோதரனைக் காப்பதும் இந்நூலில் ஒரே வினை. முன்னதில் தவறிய குலமே பின்னதிலும் தவறுகிறது. கொலையுண்டவனின் இரத்தம் நிலத்திலிருந்தே முறையிடுகிறது என்பதும், அந்நிலம் இனிக் காயீனுக்குப் பலன் தராது என்பதும் அவ்விணைப்பை உறுதிசெய்கின்றன.

இந்த வினை செங்கற்பட்டு நாட்டில் ஏற்கெனவே ஒரு நீரியல் பொருள் கொண்டது. மதுராந்தகத்துப் பெருமாள் ‘ஏரி காத்த ராமர்’ என்றே அழைக்கப்படுகிறார். 1790களில் செங்கற்பட்டு ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் காலத்தில், பெருமழையில் உடையவிருந்த ஏரிக்கரையை ராமரே நின்று காத்தார் என்பது தலமரபு. காத்தல் என்பது இங்கே கரையில் இரவெல்லாம் விழித்து நிற்பது. வரத்துக்கால் வழியே நீர் பெற்று, மதகு வழியே வயலுக்குப் பாய்ச்சி, மிகுநீரைக் கலங்கல் வழியே கீழேரிக்கு அனுப்பும் சங்கிலித் தொடரில், ஓர் ஊர் தன் ஏரியைக் காப்பது கீழூரைக் காப்பதும் ஆகும். உக்கிராணத்தில் அண்டை வீட்டான் இல்லை. ஏரியில் அவன் எப்போதும் இருக்கிறான். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள நாவலூரில் இது இன்றைய கேள்வி. வயல் சூழ்ந்திருந்த இவ்வூர் இப்போது அடுக்ககங்களும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் நிறைந்தது. ஆனால் இப்பகுதியின் மழைநீர் இன்னமும் பக்கிங்காம் கால்வாயை அடைந்து முட்டுக்காடு முகத்துவாரம் வழியேதான் கடலைச் சேர வேண்டும். வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்பின் மிகுநீரும் ஒக்கியம் மடுவு வழியாக அதே கால்வாய்க்கே வருகிறது. அச்சதுப்பு 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. 2015 சென்னை வெள்ளம் காட்டியது இதுவே: மேலே தூர்க்கப்பட்ட ஒவ்வொரு காலும் கீழே ஒருவரின் வீட்டுக்குள் நீராகப் புகுகிறது.

ஏதேனில் பகையே இல்லாதபோது காவல் எதற்கு என்ற மறுப்புக்கு மூன்றாம் அதிகாரமே விடை. வைணவத் தலத்தின் பெயரை விவிலிய விளக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் தயக்கம் பொருட்படுத்தத்தக்கதன்று. சொற்களின் பொருளை வழங்குவது ஊர், சமயம் அன்று. ‘காவல்’ அதிகாரத்தின் மொழியாகவும் திரிபடையக் கூடும் என்பது மட்டும் கருதத்தக்க மறுப்பு. ஆனால் காயீனின் வாயில் அச்சொல் அதிகாரமாக வரவில்லை. தட்டிக்கழிக்கப்பட்ட கடமையாகவே வருகிறது.

ஆகவே, படைப்பு பற்றிய தமிழ் இறையியல் உக்கிராணத்துவத்தை லூக்காவுக்கும் பவுலுக்கும் விட்டுவிட்டு, ஆதியாகமத்துக்குரிய காவலை எடுத்துக்கொள்வதே பாடத்துக்கு இயைந்தது. தன் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது, அதன் நீர் யாருடைய வாசலுக்குப் போகிறது என்று அறியாத ஒரு சபை, ஆதியாகமம் 2:15-ஐ இன்னும் வாசித்து முடிக்கவில்லை.