ஏரி வாரியமும் தோட்டத்துக் குளமும்

திருக்கோயில் என்றதும் கோபுரத்தோடு நம் நினைவில் எழுவது திருக்குளமாகும். குளம் தோண்டுவதைப் பேரறமாகப் போற்றிய நம் முன்னோர், தோண்டிய குளத்தைத் தூர்ந்து போகாமல் காப்பதை அதனினும் பெரிய பொறுப்பாகக் கருதினர். இதற்குச் சான்று காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ளது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் அங்குப் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் ஊராட்சி முறையை விளக்குகின்றன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றோருள் பன்னிருவர் தோட்ட வாரியத்திலும் அறுவர் ஏரி வாரியத்திலும் 360 நாள் பணியாற்றினர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார். பல ஊர்களில் ஏரிப்பட்டி என்னும் நிலத்தின் வருவாய் ஏரிக்கே உரியதாயிற்று. படகு கொண்டு வண்டலை வாரிக் கரையில் கொட்டவும் அறக்கொடைகள் வழங்கப்பட்டன.

இம்மரபில் வந்தோர் கடல் கடந்து மலாயா வந்தபோது வேறொரு பாடம் காத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருத்தலாகாது என்பதே வழக்கம். நம்மவர் மண்வெட்டியால் சரிவுகளைச் செதுக்கினர். பெருமழை மேல்மண்ணை அடித்துச் சென்று ஓடைகளை நிரப்பிற்று. மேட்டில் துப்புரவு எனப்பட்டது பள்ளத்தில் சேறாயிற்று. நெகிரி செம்பிலானின் மேடுபள்ளமான நிலத்தை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1925 இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. பூரேரியா, கலப்பகோனியம் போன்ற அவரையினக் கொடிகளை மரங்களுக்கிடையே படரவிடும் முறையும் காலப்போக்கில் பரவியது. இலை மழையின் வேகத்தைத் தாங்கியது. வேர் மண்ணைப் பிணித்தது.

வண்டலோடு பாசியும் பெருகுவது ஏன்? மண்ணோடு பாஸ்பரஸ் சத்தும் நீரில் சேர்வதாலேயே. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1973 இல் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பாதியிலும் கரிமச்சத்தும் தழைச்சத்தும் இட்டு, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தனர். அப்பாதி மட்டுமே பாசியால் பச்சையாயிற்று. ஆகவே கரையோரப் பாசியை வழித்தெடுப்பது மட்டும் போதாது. மருந்திட்டு ஒருசேரக் கொன்றாலோ, அழுகும் பாசி நீரிலுள்ள உயிர்வளியை உண்டு மீன்களையும் மாய்க்கும்.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட இந்நாளில், எஞ்சிய குளங்களையும் ஏரிக்கரைகளையும் காப்பது நம் கடமை. நீர் வந்து சேரும் வாயிலில் மண் தங்கும் குழியொன்று வெட்டலாம். கரைச்சரிவில் புல்லும் வெட்டிவேரும் நடலாம். உரத்தையும், பூசை முடிந்த பாலையும் பூவையும் நீரில் சேராமல் காக்கலாம். மழை குறைந்த மாதங்களில் தூர்வாரி, அந்த வண்டலை மழை மீண்டும் இழுத்து வராத இடத்தில் இட்டால் செடிகளுக்கு உரமாகும்.

இவை ஒருநாள் சிரமதானத்தில் முடிவன அல்ல. உத்திரமேரூரார் ஏரியை ஒருவரின் நல்லெண்ணத்திடம் விட்டுவிடவில்லை. ஆள், தவணை, வருவாய், கணக்கு என நான்கையும் வகுத்தனர். கோயில் நிர்வாகத்தில் குளத்திற்கெனச் சிலரை ஆண்டுதோறும் அமர்த்தி, ஆண்டுக்கூட்டத்தில் அவர்தம் கணக்கையும் கேட்போமாயின், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஏரி வாரியம் நம்மிடையே மீண்டும் கூடியதாகும்.