வல்லாள கோபுரத்திலிருந்து

தாசி வீடுகளுக்குப் போய்க் குஷ்டம் வாங்கிய அருணகிரிநாதர், திருவண்ணாமலை வல்லாள கோபுரத்திலிருந்து குதித்தபோது முருகன் தாங்கினான் என்பது ஐதீகம். குஷ்டம் கலவியால் வருவதல்ல. அதன் கிருமியை ஹான்சன் 1873இல் கண்டார். பறங்கிப்புண்ணா என்றால், 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பறங்கியரின் பெயரை அது சுமக்கிறது. அருணகிரியோ பிரபுடதேவராயனைப் பாடியவர், அதற்கு முந்தியவர்.

ஆக, கதை சொல்வது நோயை அல்ல, தண்டனையை. தண்டனை தோலில் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் நோயில்லை என்று நம்பிக் கெட்டவர்கள் அநேகம். வெட்டை நோய் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது.

1986இல் எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் முதலில் தெரிந்தது, சென்னையில் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில். பழியும் அவர்கள்மேல்தான். ஆணுறை போட்டிருக்க வேண்டியவன் வந்துபோனவன். அருணகிரி போய்வந்த வீடுகளில் யாருக்கு என்ன ஆயிற்றென்று ஐதீகமும் விசாரிக்கவில்லை.