24 பல்லுக் கணக்கு

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில்தான் கோடிப்பக்கக் கொட்டிலுக்குள் சாய்ந்து கிடந்த அப்பப்பாவின்ர றலி சைக்கிள் ஞாபகத்துக்கு வந்தது. அதுவரைக்கும் அது எங்களுக்கு மண்வெட்டியும் பழைய சாக்கும் சாத்தி வைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். ரயர் ரெண்டும் வெடிச்சு, சீற்றில் தோல் இல்லாமல், ஸ்பிரிங்குக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கழுவி, காத்தடிச்சு, எண்ணெய் விட்டால் ரெண்டு கிழமையில ஓடலாம் எண்டு நினைச்சன். வரிசைகள் முடிஞ்சு, கியூஆர் கோட்டும் முடிஞ்சு, இப்பவும் அந்தச் சைக்கிள் வேலை முடியேல்லை.

தொடங்கும்போது என்னிடம் ஒரே ஒரு நோக்கம்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும். பின் சில்லின் ஹப்பைத் துடைத்தபோது 'ஸ்ரேர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூ' என்ற எழுத்துகளும், பக்கத்தில் 50, 7 என்ற எண்களும் தெரிந்தன. இந்த ஹப்புகளில் செய்த ஆண்டையும் மாதத்தையும் அடித்துவிடுவது வழக்கம். ஆக 1950 ஜூலை. சில்லை இடையில் யாரும் மாற்றியிருக்காவிட்டால் சைக்கிளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

ஒவ்வொரு பாகமாகக் கழற்றக் கழற்ற, ஏன் இப்படிச் செய்தார்கள் என்ற கேள்விதான் கூடிக்கொண்டு போனது. முன் சில்லில் 32 கம்பி, பின் சில்லில் 40. முதலில் யாரோ கம்பி மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, அது பழைய ஆங்கிலேய வழக்கம். மற்ற நாடுகளில் ரெண்டு சில்லுக்கும் 36, 36 என்று பிரிக்க, இங்கிலாந்தில் முன்னுக்கு நாலைக் குறைத்துப் பின்னுக்கு நாலைக் கூட்டினார்கள். மொத்தம் அதே 72. ஓடுகிற ஆளின் பாரத்தில் கூடிய பங்கு பின் சில்லில்தான் இறங்குகிறது, செயின் இழுக்கிற முறுக்கும் அங்கேதான் விழுகிறது. உங்கட வீட்டிலும் பழைய சைக்கிள் இருந்தால் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

பெடல் அச்சுப் பெட்டிக்குள் இருந்த மூடி தேய்ந்திருந்தது. புதிசு வாங்கிப் பூட்டினால் ரெண்டு சுற்றுப் போய் இறுகி நின்றுவிட்டது. நான் பெரிய சாவியை எடுக்க, பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஐயா கையைப் பிடித்துவிட்டார். “தம்பி, பலவந்தம் பண்ணாதையும். இது றலி. இதின்ர புரி வேற.” அவர் சொன்னது சரி. மற்ற ஆங்கிலேய சைக்கிள்களில் அந்த இடத்தில் ஒரு அங்குலத்துக்கு 24 புரி. றலி தன் சைக்கிள்களுக்கு 26 வைத்திருந்தது. பாகம் வேணுமெண்டால் எங்களிட்டத்தான் வரவேணும் என்கிற யோசனையா, முந்திய பழக்கத்தின் தொடர்ச்சியா, எதுவாக இருந்தாலும் எழுபது வருஷம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒருவன் அதால் தலையைச் சொறிகிறான். அந்த ஐயா இல்லாவிட்டால் பெட்டியின் புரியையே நான் நாசமாக்கியிருப்பேன்.

ஆனால் உண்மையில் என்னைப் பிடித்து வைத்தது பின் ஹப்தான்.

ஹப்பில் இருக்கிற பெயருக்கே ஒரு கதை உண்டு. றலி கம்பனியின் சொந்தக்காரர் பிராங்க் பௌடன் 1902இல் மூன்று வேகக் கியர் செய்யவென்று ஒரு கம்பனி தொடங்கினார். ஹென்றி ஸ்ரேர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இரண்டு பேரின் பெயர்களும் அதற்கு வந்தன. ஆனால் அந்தக் கியரை உண்மையில் வடிவமைத்தவர் வில்லியம் றைலி என்ற எந்திரி. அவர் முன்னர் ஒரு இரண்டு வேகக் கியரைச் செய்து, தன் கண்டுபிடிப்புகளின் உரிமையை வேறொரு கம்பனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் புதியதைத் தன் பெயரில் பதிவு செய்ய வழியில்லை. கூட வேலை செய்த ஆர்ச்சரின் பெயரில் காப்புரிமை எடுத்தார்கள். உலகம் முழுக்க எத்தனையோ ஹப்புகளில் ஆர்ச்சர் இருக்கிறார், றைலி இல்லை.

என்னுடைய ஏ.டபிள்யூ 1936இல் வந்த வடிவம். உள்ளே நடு அச்சோடு அசையாமல் நிற்கிற ஒரு சூரியப் பற்சில்லு, 20 பல். அதைச் சுற்றி ஓடுகிற நாலு கோள் பற்சில்லுகள். அவற்றுக்கு வெளியே, உட்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம், 60 பல். கோள்களைத் தாங்குகிற கூடு ஒருமுறை சுற்றினால் வெளி வளையம் 1 + 20/60, அதாவது 4/3 முறை சுற்றும். செயின் கூட்டைச் சுற்றி, வளையம் சில்லைச் சுற்றினால் மூன்றாவது கியர். மறுவளமாகப் போனால் 3/4, முதலாவது கியர். வளையத்தையே நேராகச் சுற்றிச் சில்லுக்குக் கொடுத்தால் ஒன்றுக்கு ஒன்று, இரண்டாவது. ஓ/எல்லில் படித்த பின்னக் கணக்குத்தான் முழுக்க.

இதில் எது எப்போது பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அச்சின் துளைக்குள்ளால் போகிற ஒரு மெல்லிய கம்பியும் அதன் நுனியில் இருக்கிற குட்டிச் சங்கிலியும். கேபிள் அதை முழுக்க இழுத்தால் முதலாவது, பாதி இழுத்தால் இரண்டாவது. இழுக்காமல் விட்டால் உள்ளே உள்ள ஸ்பிரிங் தள்ளி மூன்றாவதில் நிற்கும். அதாவது கேபிள் அறுந்தாலோ அந்தக் கம்பி முறிந்தாலோ சைக்கிள் மிகப் பாரமான கியரில் மாட்டிக்கொள்ளும். நொட்டிங்காமில் அது ஒரு நாள் சிரமம். அடுத்த கடைக்குப் போய் இன்னொன்று வாங்கலாம்.

அப்பப்பாவின்ர ஹப்பில் அந்தக் கம்பி முறிந்து, பாதி உள்ளேயே இறுகிக் கிடந்தது. அது எப்போதோ நடந்த முறிவு என்பதற்கு உள்ளே தடயம் இருந்தது. கோள்களைப் பிடிக்கிற ஊசிகளின் முனைகள் ஒரு பக்கமாக மழுங்கியிருந்தன. மூன்றாவது கியரில் மட்டும்தான் அந்த முனைகளைத் தள்ளிச் சைக்கிள் ஓடும். முதலாவது கியருக்கு வேலை செய்கிற சின்ன நாக்குகளின் விளிம்போ கிட்டத்தட்டப் புதிசு மாதிரிக் கூராக இருந்தது. வருஷக்கணக்காக இந்தச் சைக்கிள் மூன்றாவதில் மட்டும் ஓடியிருக்கிறது.

அப்பாவிடம் கேட்டேன். “ஓம், அதின்ர கியர் எனக்குத் தெரிஞ்ச நாளில வேலை செய்யேல்லை” என்றார். பாரமாக இருந்ததா? “சீ, நல்ல சுகமான சைக்கிள். ரெண்டு விறகுக் கட்டும் வைச்சு உன்ர மாமியையும் பாரில ஏத்திக்கொண்டு ஓடியிருக்கிறன்.”

இங்கேதான் குழம்பினேன். இந்த வகை றலிக்கு முன்னால் 46 பல், பின்னால் 18 பல் என்று வருவது வழக்கம். அதை மூன்றாவது கியரில் ஓடினால் பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு 3.4 சுற்று. 28 அங்குலச் சில்லில் அது ஏழரை மீற்றர் தூரம். வெறும் சைக்கிளையே எதிர்காற்றில் அப்படி மிதிக்க ஏலாது. விறகும் மாமியும் எங்கே?

இன்னொரு சில்லறை விஷயமும் உறுத்திக்கொண்டிருந்தது. செயின் கவரின் பின்பக்கத்தை யாரோ வாளால் அறுத்து எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து நான் ஏற்கெனவே ரெண்டு மூன்று தரம் பேசியும் இருந்தேன், எந்த அறிவுகெட்டவன் இப்பிடி அறுத்தது எண்டு.

பதில் பின் பற்சில்லில் இருந்தது. கிறீஸும் மண்ணும் கல்லாகப் பிடித்திருந்ததால் அதை எண்ணிப் பார்க்க நினைக்கவே இல்லை. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்துச் சுரண்டினால், அது ஒரு பற்சில்லு அல்ல, இரண்டு. றலியின் பழைய பற்சில்லுக்கு மேலே அதைவிடப் பெரிய, மெல்லிய இன்னொன்றை வைத்துப் பித்தளையால் ஒட்டியிருக்கிறார்கள். அடியில் இருப்பது 18 பல். மேலே 24. மேலே இருப்பது ரேஸிங் சைக்கிளின் ஐந்து அடுக்குப் பிறீவீலிலிருந்து கழற்றியது போல இருக்கிறது.

24ஐ யாரும் கையில் கிடைத்ததென்று போட்டிருக்க முடியாது. 18ஐ 4/3ஆல் பெருக்கிப் பாருங்கோ. சரியாக 24. ஹப் உள்ளே மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கிறது, அதை வெளியே பல்லால் அதே அளவு குறைத்துவிட்டார். 46ஐ 24ஆல் பிரித்து 4/3ஆல் பெருக்கினாலும், 46ஐ 18ஆல் பிரித்தாலும் ஒரே விடை, 2.56. மூன்றாவது கியரில் செத்துப்போன ஹப், மிதிப்பதற்கு இரண்டாவது கியர் மாதிரியே இருக்கும். அந்தப் பெரிய பற்சில்லு கவருக்குள் அடங்காது. அதுதான் அறுத்திருக்கிறார். நான் பேசின பேச்சையெல்லாம் திருப்பி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இது நடந்த காலத்தை அப்பா 91 அல்லது 92 என்கிறார். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடை, பற்றறி தடை, மின்சாரமும் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றவும் சைக்கிள், சந்தைக்கு மரக்கறி கொண்டு போகவும் சைக்கிள். இரவில் ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ செய்தி கேட்கவும் அதேதான். அப்படியான நாட்களில் ஒரு ஹப்பைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று போட முடியாது. 40 துளை ஹப் வேண்டும், கம்பி வேண்டும், காசு வேண்டும்.

“சந்தியில ஒரு கடை இருந்தது. கியர் அறுந்திட்டுது எண்டு கொண்டுபோய்க் குடுத்தனான். ஆள் கனநேரம் சில்லைச் சுத்திச் சுத்திப் பாத்தது. ரெண்டு நாளால வா எண்டது. பேர் மறந்துபோச்சு.” இவ்வளவுதான் அப்பாவுக்குத் தெரியும். மின்சாரம் இல்லாத ஊரில் வெல்டிங் இல்லை. கரி உலையில் வெண்காரம் போட்டுப் பித்தளையை உருக்கித்தான் ஒட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் ஹப்பைத் திறந்து பல் எண்ணினாரா, இல்லை பெடலையும் சில்லையும் சுற்றி எண்ணியே 4/3ஐப் பிடித்தாரா? “சுத்திச் சுத்திப் பாத்தது” என்ற சொல்லை வைத்து நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். மூன்று பெடல் சுற்றுக்குப் பின் பற்சில்லு எத்தனை, சில்லு எத்தனை என்று சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு எண்ணினால் போதும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது இந்தச் சைக்கிளும் நாவற்குழிப் பாலத்தால் போனது. தையல் மெஷினின் தலை, அரிசிச் சாக்கு, ரெண்டு சட்டி. ஏதாவது வீரக்கதை வரும் என்று நான் காத்திருக்க, அப்பா சொன்னது வேறு. “அண்டைக்கு ஆர் ஏறி ஓடினது? கால் வைக்க இடமில்லை. உருட்டினதுதான். கியர் இருந்தென்ன இல்லாட்டியென்ன.” பிறகு தென்மராட்சியில் இருந்த மாதங்களில்தான் அது ஓடியது, தண்ணிக்கும் விறகுக்கும்.

இதற்கிடையில் இங்கிலாந்திலிருந்து நான் தருவித்த பாகங்கள் வந்து சேர்ந்தன. முறிந்த கம்பிக்குப் பதில் புதுக் கம்பி, எழுபது வருஷப் பழைய புரிக்கே பொருந்துகிற ஒரு 18 பல் பற்சில்லு. பெட்டியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு நாலு நாள் தொடவில்லை. கம்பியைப் போட்டால் மூன்று கியரும் வேலை செய்யும். 18ஐயும் போட்டால் சைக்கிள் 1950 ஜூலைக்குத் திரும்பிப் போகும். நான் தொடங்கினது அதற்காகத்தானே. ஆனால் அந்த 24 பல்லைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டால், இந்தச் சைக்கிளில் எங்கட ஊரில் யோசித்துச் செய்த ஒரே வேலை கழன்றுபோகும். மிச்சம் இருப்பது, உலகத்தில் எத்தனையோ பேரிடம் இருக்கிற ஒரு கறுப்பு றலி.

அப்படியே விடவும் முடியாது. ஒட்டுகிற சூட்டில் இரும்பின் உறுதி இளகிவிட்டது போல, பற்கள் சுறாப் பல்லு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கின்றன. நின்று மிதித்தால் செயின் பாய்கிறது. ஒருநாள் அப்பா ஏறி ஒழுங்கை முடக்கு வரைக்கும் போய் வந்தார். செயின் ரெண்டு தரம் பாய்ந்தது. இறங்கி, “பல்லு முடிஞ்சுது” என்றார்.

புதுக் கம்பியைப் போட்டுவிட்டேன். 18ஐப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். பழைய ஒட்டுப் பற்சில்லைக் கழற்றி ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், இதே மாதிரி 24 பல்லில் ஒன்று வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். அந்த அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “றலிக்கு 18 தானே வாறது. ஏன் 24?”

ஒரு துண்டுக் கடதாசி வாங்கி எழுதிக் காட்டினேன். 18, பிறகு 4/3. அவர் ஒட்டைப் பெருவிரலால் தடவிக்கொண்டே கேட்டார், இது ஆர் செய்தது எண்டு.

தெரியாது என்றேன். வாற புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.