பயத்தில் ஒட்டிக்கொண்ட 'ந'

பிரெஞ்சில் "ஜ க்ரேன் கில் ந வியென்" என்றால் "அவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறேன்" என்று அர்த்தம். 'ந' எதிர்மறைச் சொல்லாயிற்றே, பிறகு எப்படி 'வருவான்' என்றாகிறது? கடைசியில் 'பா' சேர்த்தால்தான் "வரமாட்டானோ" என்று மாறும். இரண்டிலும் வினை சப்ஜங்டிவ் வடிவில்தான் இருக்கும்.

இந்த வழக்கம் லத்தீனிலேயே உண்டு. "பயமாக இருக்கிறது. அவன் வராமல் இருக்கட்டும்!" என்று இரண்டு தனி வாக்கியங்களாக இருந்தவை பிற்பாடு ஒன்றாகின என்பது மொழியியலாளர் தரும் விளக்கம். அங்கிருந்த 'நே' வேண்டாம் என்ற விருப்பத்தைச் சொன்னது. பிரெஞ்சின் 'ந' வந்தது 'நோன்' என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து. ஆனாலும் பயப்படும் மனம் அதை அதே இடத்தில் வைத்துக்கொண்டது.

'பா' என்றால் முதலில் காலடி. "ஓர் அடிகூட நடக்கவில்லை" என்று அழுத்தத்துக்காக வந்த சொல், நாளடைவில் மறுப்பு வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. 'ந' வலுவிழந்தது.

இது தேர்வுப் பிரச்சினையாகவும் ஆனது. 1901 பிப்ரவரி 26-ல் கல்வி அமைச்சர் ஜார்ஜ் லேக் வெளியிட்ட ஆணை, இத்தகைய இடங்களில் 'ந'வை விட்டு எழுதினாலும் தேர்வில் பிழையாகக் கொள்ளக்கூடாது என்றது. இன்றும் பேச்சில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆகவே பயத்தைச் சொல்லும் வாக்கியம் வந்தால் 'ந'வைப் பார்த்து மிரளாதீர்கள். 'பா' இருக்கிறதா என்று பாருங்கள்.