போக்கிரியும் தலையாட்டியும்

ரீவியில 'போக்கிரி' போனா எங்கட வீட்டில ஒருத்தரும் சனல் மாத்தமாட்டினம். ரவுடியாத் திரிஞ்ச விஜய் கடைசியில பொலிஸ் உடுப்போட வாற இடத்துக்கு இப்பவும் விசில்தான். அதே வீட்டில 'உளவாளி' எண்ட சொல் வந்தா அம்மம்மாவின்ர குரல் தானா இறங்கிடும். கூட்டத்துக்குள்ள ஒளிச்சிருக்கிற ஆளைப் படத்தில் இப்பிடி ரசிக்கிற நாங்கள், அந்தச் சொல்லுக்கு ஏன் இப்பிடிப் பயப்பிடுறம்?

மாறுவேடப் பொலிஸ் கதை தமிழுக்குப் புதிதல்ல. 1968இல் எம்.ஜி.ஆர். 'ரகசிய போலீஸ் 115' ஆக வந்தார். 1985இல் 'காக்கிச்சட்டை': பொலிஸில் சேர ஆசைப்பட்டு முடியாமல் போன கமல், கடத்தல் கூட்டத்துக்குள் புகுந்து அதை உள்ளிருந்தே உடைப்பார். யாழ்ப்பாணத்தில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஊரே கூடியிருந்து விடிய விடியப் படம் பார்த்த காலம் அது.

வெளியில் நடந்தது வேற கதை. எண்பதுகளின் நடுப்பகுதியில், காட்டிக்கொடுத்தவர்கள் என்று இயக்கங்கள் குற்றஞ்சாட்டியவர்கள் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டார்கள். 1987இல் இந்திய இராணுவம் வந்த பிறகு நடந்த சுற்றிவளைப்புகளில் 'தலையாட்டி' இருந்தார். முகத்தை மூடி ஒருவரை இருத்தி வைப்பார்கள். பிடிபட்ட ஆக்கள் வரிசையாக அவர் முன்னால் நடக்க வேணும். தலை ஆடினால் அந்த ஆள் போச்சு. உள்ளே இருப்பது யார், அடிக்குப் பயந்து ஆட்டுறாரோ, ஆள்மாறி ஆட்டுறாரோ, ஒண்டும் தெரியாது.

இந்தப் படங்களின் இழுவை இங்கேதான் இருக்கு எண்டு நினைக்கிறன். படத்தில் கடைசியிலாவது யார் யார் எண்டு தெரியவரும். உண்மை தெரிந்த ஒரு மேலதிகாரி இருப்பார். எங்கயோ ஒரு கோப்பு இருக்கும். தெருவில் எங்களுக்குக் கிடைக்காத அந்த நிச்சயத்தைப் படம் இரண்டரை மணித்தியாலத்துக்குத் தருகிறது.

2002இல் வந்த ஹொங்கொங் படம் 'இன்ஃபெர்னல் அஃபயர்ஸ்' அந்த நிச்சயத்திலேயே கைவைக்கிறது. உண்மை தெரிந்த மேலதிகாரி கொல்லப்படுகிறார். பொலிஸுக்குள் இருக்கும் கள்ளன் கோப்பை அழித்துவிடுகிறான். டோனி லியுங் நடித்த பாத்திரத்துக்குத் தான் பொலிஸ் என்று நிரூபிக்க வழியே இல்லை. அந்த இடத்தில் நான் விசில் அடிக்கேல்ல.

'குருதிப்புனல்' இன்னும் கிட்ட வருகிறது. குடும்பத்தை வைத்து மிரட்டினால் நேர்மையான அதிகாரியும் வளைவார் என்று அது காட்டுகிறது. 1995 தீபாவளிக்கு வந்த படம். ஒரு கிழமையில், ஒக்டோபர் 30, வலிகாமமே இடம்பெயர்ந்தது. பல வருசம் கழித்து என்னோட இருந்து அதைப் பார்த்த மாமா ஒண்டுதான் சொன்னார்: "அவனைத் துரோகி எண்டு லேசாச் சொல்லலாம். அவன்ர பிள்ளையை ஆர் காப்பாத்துறது?"

கம்பத்தில் கட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே காட்டிக்கொடுத்தவர்கள்? அவர்களுக்காகக் கோப்போடு ஓடி வர எந்த மேலதிகாரியும் இருக்கேல்ல. விசாரணை எண்டு சொல்லத்தக்க ஒண்டும் இல்லை. குடும்பங்கள் மட்டும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அதே ஊரில் இருந்தன.

'போக்கிரி' திரும்பப் போகும். பாருங்கோ, விசிலும் அடியுங்கோ. படம் முடிஞ்ச பிறகு, வீட்டில இருக்கிற பெரியாக்களிட்ட தலையாட்டியைப் பற்றி ஒருக்காக் கேளுங்கோ. குரல் இறங்கும். இறங்கினாலும் கேளுங்கோ.